கண்டியில் நம் அணி போட்ட சத்தம்

இன்று கண்டியில் கூடைப்பந்து இறுதிப் போட்டி. நம் ஹட்டன் கல்லூரி அணி இந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆனால் கல்லூரிக்கு இதுவரை ஒரு கிண்ணமும் கிடைத்ததில்லை.

நம் மைதானத்தில் மாலையானால் மூடுபனி இறங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர் தெரியாது. அதனால் பந்து வேண்டியவர் தன் பெயரைச் சொல்லிக் கத்துவார்.

கண்டி வெயிலிலும் அப்படியே கத்தினார்கள். யார் கத்தினாலும் எதிரணியில் இருவர் ஓடிப்போய் அவரை மறித்தார்கள்.

"என்னாங்கடா, தோட்டத்துக் காலைப் பெரட்டுல வேலையாளுங்க பேரு கூப்பிடுறீங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, பெரிய சிரிப்பு.

இடைவேளையில் நாம் பின்தங்கியிருந்தோம்.

"வாய மூடிக்கிட்டு ஆடுங்கடா!" என்றார் பயிற்சியாளர்.

"அது நம்மால ஆகாதுங்க சார்," என்றார் அணித்தலைவர் செல்வராஜ். "கத்துவோம். ஆனா ஆளுக்கு ஆளு மத்தவன் பேரச் சொல்லிக் கத்துவோம். கொரல வச்சு நமக்கு ஆளு தெரியும். அவங்களுக்குத் தெரியாதுல்ல?"

அதன் பிறகு ராமையா "முருகேசு!" என்று கத்த, எதிரணி முருகேசை மறிக்க ஓடியது; பந்து ராமையாவிடம் போனது. கடைசி நிமிடக் கூடையில் வென்றோம். கிண்ணம் இப்போது ரயிலில், செல்வராஜின் மடியில் இருக்கிறது.

அந்தக் கூடையைப் போட்டவர் முருகேசு என்று, அணியோடு வந்த நிருபரான நான் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். "முருகேசு!" என்ற கத்தலை என் காதால் கேட்டுத்தான் எழுதினேன்.

"நான் அந்தப் பக்கமே போகலைங்க ஐயா," என்கிறார் முருகேசு.

போட்டது ராமையா. டயகமவில் அவர் வீட்டாரைத் தெரிந்தவர்கள், நாளைய பத்திரிகை வருமுன் கொஞ்சம் சொல்லிவையுங்கள்.