மூன்று மச்சான்களுக்கு மூன்று பத்திரிகை

மதுராந்தகத்தில் டியூஷன் எடுக்கிற தர்மராஜுக்குக் கணக்கு வரும், மனுஷாள் விவகாரம் வராது. கழுத்தை நீட்டிய வாரமே சம்பூர்ணத்துக்கு இது தெரிந்துபோயிற்று.

அவள் கூடப் பிறந்தவர்கள் மூவர். மூத்தவர் தணிகாசலம், சதுரங்கப்பட்டினத்தில் சின்னதாய் மளிகைக் கடை. அவருக்கும் இவளுக்கும் பின்னால் ஜெயக்குமார், செங்கல்பட்டில் லாரி விடுகிறான். கடைக்குட்டி ரமேஷ், சர்க்கார் உத்தியோகம். மகள் சுஜாதாவின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேர்களை எப்படிப் போடுவது? மூத்தவர் பேர் முதலில் என்று பால்குடிப் பிள்ளையும் சொல்லும். தர்மராஜுக்கோ லாரிக்காரனிடமும் பயம், உத்தியோகக்காரனிடமும் பயம். அந்தப் பயத்துக்குக் கணக்கு என்று பேர் வைத்தான்.

“மூணு பேரைச் சும்மா சேத்து வெச்சா ஒரே கூட்டந்தான். யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு நிக்க வெச்சா ஆறு தினுசு வரும். அதுல மூணு தினுசு அடிச்சா, அவனவன் வூட்டுக்குப் போறதுல அவனவன் பேரு மொதல்ல. எப்டி?”

“வாணாங்க. அவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டாங்களா?”

“உனக்கு இன்னா தெரியும், போ.”

அடித்தான், கொடுத்தான். மறுநாளே ஜெயக்குமார் பெருமையாகத் தன் பத்திரிகையைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். ரமேஷ் தன்னுடையதைப் போட்டான். தணிகாசலத்தின் மருமகள் மூன்றாவதைப் போட்டாள். மூன்றும் ஒன்றின்கீழ் ஒன்றாய் நின்றதும் அண்ணன் தம்பி மூவருக்கும் குட்டு விளங்கிவிட்டது.

தாய்மாமன் மாலை போடாமல் எங்கள் பக்கம் பெண் மணவறை ஏறமாட்டாள். பெண்ணுக்காக மூவரும் வந்தார்கள். மண்டபத்தில் மூன்று மூலையில் உட்கார்ந்தார்கள். முகூர்த்தம் நெருங்கியது. சுஜாதா வெறுங்கழுத்தோடு மேடைப் படியில் நின்றாள்.

தர்மராஜ் மைக்கில் கத்தினான்: “தாய்மாமனுங்க வாங்க! யாரு வேணா மொதல்ல வரலாம்!”

ஜெயக்குமார் உட்கார்ந்தபடியே கேட்டான்: “எந்தப் பத்திரிகைப்படி மாமா வர்றது?”

மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சுஜாதாவின் கண்ணில் நீர் நிறைந்தது. சம்பூர்ணம் புருஷன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“தணிகாசலண்ணே, நீ வா. ஜெயக்குமாரு, ரமேஷு, அண்ணன் பின்னாடி வாங்கடா.”

பெரியவர் எழுந்தார். தம்பிகளும் எழுந்தார்கள். மாலை விழுந்தது.

தர்மராஜ் சம்பந்தியின் காதோரம் குனிந்து, “ஆறு தினுசுல இதுவும் ஒண்ணுதாங்க, நான் முன்னமே போட்டு வெச்சது” என்றான். சம்பந்தி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.