ஐம்பது எம்எம் லென்சில் தெரிந்தவள்

லோகேஸ்வரி கதை கட்டும் ஆள் இல்லை. சிரம்பானில் பத்து வருடமாகக் கல்யாணப் படம் எடுப்பவள். கடந்த மார்ச்சில் அவளுக்கு நடந்ததை, அவள் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

பேட்டரி இல்லாமல், எல்லாவற்றையும் கையாலேயே திருப்பும் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை அவள் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். தம்பினுக்கு அருகே ஒரு தோட்டத்திலிருந்து அமிர்தலிங்கம் என்பவர் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டிருந்தார். ஒரு கேமரா, இரண்டு லென்ஸ். அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனி ஆள்.

பிற்பகல் 2.10க்குப் போய்ச் சேர்ந்தாள். சுள்ளென்று வெயில். வீட்டைச் சுற்றிலும் செம்பனை. முற்றத்து நிழலில் மேசை போட்டு, கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விலை கேட்டதற்கு, கொடுப்பதைக் கொடு என்றார். சீக்கிரம் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்பது போல இருந்தது.

அவளோ பார்க்காமல் வாங்குகிறவள் அல்ல. லென்சுகளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பெரிய லென்சுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை. சின்னது, ஐம்பது எம்எம், படுசுத்தம். பின்மூடியைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரைத் தட்டினாள். எல்லாம் சரியாகவே இருந்தது. கையோடு கொண்டுவந்த ஃபிலிமைப் போட்டு, ஃபோக்கஸ் பார்க்க அவர் பக்கம் திருப்பினாள்.

"என்னைய எடுக்காதம்மா," என்று கையால் முகத்தை மறைத்தார்.

அதற்குள் அவள் கண்ணை வைத்துவிட்டாள்.

அவருக்குப் பின்னால், தூரத்தில், செம்பனை வரிசைக்குள் ஒரு பெண் நின்றாள். உடம்போடு ஒட்டிய ஈரச் சேலை.

டக்.

மணி 2.41. கேமராவை இறக்கினாள். மரங்கள்தான் இருந்தன. யாருமில்லை.

மீண்டும் கண்ணை வைத்தாள். அந்தப் பெண் மரங்களுக்கும் முற்றத்துக்கும் நடுவே ஓடிய கால்வாயைத் தாண்டி வந்திருந்தாள். முடியிலிருந்து நீர் சொட்டியது. சொட்டு விழும் சத்தம்கூடக் கேட்டது... டப்... டப்...

தன்னை அறியாமல் அழுத்தினாள்.

டக்.

அமிர்தலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மெல்லக் கேட்டார்.

"எத்தன பேரு தெரியுது?"

"ரெண்டு பேர், அங்கிள்."

"மூடு... அத மூடும்மா..."

மூட முடியவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் இப்போது அவர் காதோரம்.

நீலம் பூத்த உதடுகள்.

சிரித்தாள்.

டக்...

இந்த முறை லோகேஸ்வரி விரலை அசைக்கவே இல்லை.

எப்படிக் காரில் ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. தம்பின் டவுனைத் தாண்டிய பிறகுதான் கேமரா கழுத்திலேயே தொங்குவது தெரிந்தது.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனாள். வாசலில் கூட்டம். முந்தின நாள் மூன்று மணிக்கே அவர் நாற்காலியில் செத்துக் கிடந்தாராம். பக்கத்து வீட்டு முத்தாயி கேமராவைப் பார்த்ததும் அவளைத் தனியே இழுத்துப் போனாள்.

பஞ்சாலை என்று ஒருத்தி இந்தத் தோட்டத்தில் களைக்கு மருந்தடித்தாள். இருபத்தாறு வருடம் முன்பு, அவள் குளிக்கும்போது அமிர்தலிங்கம் மறைந்திருந்து படம் எடுத்தார், இதே கேமராவில். ஆம்பளைகள் கையில் அந்தப் படம் சுற்றியது. அவள் ஆபீசில் போய் முறையிட்டாள். சிரித்து அனுப்பிவிட்டார்கள். அன்றே களை மருந்தைக் குடித்தாள்.

"கேக்க ஒரு நாதியில்ல. நாங்களும் வாயத் தொறக்கல," என்றாள் முத்தாயி.

லோகேஸ்வரி ஃபிலிமைக் கழுவினாள். மூன்று படம். மூன்றிலும் அமிர்தலிங்கத்தின் முதுகுதான் இருந்தது. அவருக்கு அப்பால், கேமராவைக் கண்ணில் வைத்தபடி லோகேஸ்வரி நின்றாள். ஒவ்வொரு படத்திலும் அவர் பிடரி இன்னும் கிட்டத்தில்...

இரண்டு வாரம் கழித்து முத்தாயி போன் செய்தாள். பிரேதப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம். அவர் வயிற்றில் களை மருந்து இருந்ததாம். வீடு முழுக்கத் தேடியும் ஒரு பாட்டில்கூடக் கிடைக்கவில்லை.

அந்த மருந்து கடைகளில் விற்பதை நிறுத்தியே பல வருடம் ஆகிறது.