பொட்டு வைத்த அட்டைகள்

போன வாரம், விஜயதசமிக்கு மறுநாள், என் மருமகள் வசந்தாவோடு அவள் காலேஜுக்குப் போனேன். எனக்கு அங்கே என்ன வேலை? ஆயுத பூஜைக்குக் கொடுத்தனுப்பிய பித்தளைத் தாம்பாளம் வீடு வந்து சேரவில்லை! என் தாம்பாளத்தை நான் விடுவேனா?

வசந்தா எஞ்சினீயரிங் காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் நடத்துகிறாள். தாம்பரத்தில் இப்படி ஒரு மருமகள் வேறு யாருக்கு இருக்கிறாள்... சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருஷம் அவள் ஒரு புதுப் பாடம் ஆரம்பித்திருக்கிறாள். பிள்ளைகள் ஒரு சர்க்யூட்டைப் பற்றவைப்பதற்கு முன்னாலேயே, அது வேலை செய்யுமா என்று கம்ப்யூட்டரிடம் கேட்டுவிடலாமாம். அதற்கென்று ஒரு புரோகிராம் இருக்கிறதாம். கேள்வியை அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, கம்ப்யூட்டர் இருக்கும் வேறோர் இடத்துக்கு ரயிலில் எடுத்துப் போக வேண்டும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி — அவளுக்கு மேலே இருக்கும் புரொபசராலும் அதைப் படிக்க முடியாதாம்!

அந்தப் புரொபசர் கறாராகச் சொல்லியிருந்தார். அன்றைக்குள் பதில் வராவிட்டால், புதுப் பாடம் வேண்டாம், பழையபடியே நடக்கட்டும் என்று. வசந்தாவுக்குச் சோறே இறங்கவில்லை.

லேப் மெக்கானிக், பல்லாவரம் முனுசாமிக்கோ அந்த அட்டைகள் என்றாலே இளப்பம். "இன்னாம்மா, சீட்டுக்கட்டு கணக்கா கீது? ரம்மி ஆடப் போறீங்களா?" என்பாராம்.

வசந்தா லேப் பீரோவைத் திறந்தாள்.

மீட்டருக்குச் சந்தனப் பொட்டு, ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் அயனுக்குப் பொட்டு... அட்டைக் கட்டுக்கும் பொட்டு! மேல் அட்டைக்கு மட்டுமா? ஒவ்வோர் அட்டைக்கும்! ஒன்றோடொன்று ஒட்டி, உப்பி... எந்த மெஷின் இதை விழுங்கும்?

"அண்ணா! இதுக்கெல்லாம் யார் வெக்கச் சொன்னா?" வசந்தா கட்டைத் தூக்கி முனுசாமியிடம் காட்டினாள்.

அவர் திருதிருவென்று விழித்தார். "நீங்கதானேம்மா க்ளாஸ்ல சொன்னீங்கோ, இனிமே இதுவும் நம்ம லேப் சாமான்தான்னு? ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம வுட்டா தப்பாச்சே..."

கிண்டல் பண்ணிய மனுஷன், தனியாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டு வைத்திருக்கிறார். எப்படித் திட்டுவது?

வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேள்வியை எழுதின தாள் என்கிட்ட இருக்கு. குத்தற மெஷினும் புது அட்டையும் கம்ப்யூட்டர் இருக்கற இடத்திலேயும் இருக்கு. கிளம்புங்க அண்ணா."

"நானா? எனக்கு இன்னாம்மா தெரியும்?"

"நான் குத்தறேன். நீங்க வரிசை மாறாம அடுக்குங்க. மாறிச்சுன்னா எல்லாம் பேஜார்தான்!"

இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். அந்த அமர்க்களத்தில் தாம்பாளத்தைக் கேட்கவே மறந்துபோனேன்.

விளக்கு வைக்கும் நேரம். வாசலில் வசந்தா. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பதில் வந்துவிட்டது, புரொபசரும் தலையாட்டிவிட்டார்! பின்னால் முனுசாமி, என் தாம்பாளத்தோடு.

"சர்க்யூட் வேலை செய்யுமாம், பெரியம்மா! நான் இன்னும் ஒரு ஒயரைக்கூடத் தொடலியே... அதுக்கு எப்டித் தெரிஞ்சுது?" கொடுத்த காபியைக் குடிக்காமல் ஆறவிட்டு, அதையே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கென்ன தெரியும்?

அவர் போனபின் தாம்பாளத்தைப் பார்த்தேன். முனுசாமி பொட்டு வைக்கக் குழைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. புளியை எடுத்தேன்... திரும்ப வைத்துவிட்டேன்.

என் வீட்டில் தேய்க்காமல் ஏறிய முதல் பாத்திரம் அதுதான் — கண்ணில் படுகிற மாதிரி, முன் அலமாரியில்!