துண்டுக்கடியில் பாடம் நடத்தியவர்

கதை கேட்டு அழுகிற குழந்தை அந்த அழுகையைக் கதையிலிருந்து கற்றுக்கொள்கிறதா, இல்லை வரும்போதே கொண்டுவருகிறதா? எனக்குத் தெரியாது. சென்னையில் பி.ஏ. படித்தபோதும் தெரியவில்லை, இத்தனை வருஷம் பெண் பள்ளிகளைப் பார்வையிடும் வேலையில் இருந்தும் தெரியவில்லை. இந்தக் கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டு என்னோடு சலிக்காமல் சண்டை போட்டுவந்த வேலந்தாவளம் எஸ்தர் டீச்சர் போன வாரம் காலமாகிவிட்டார்.

செய்தி எனக்குக் காய்கறிக் கூடையோடு வந்தது. பாலக்காட்டில் என் வீட்டுக்கு வாரந்தோறும் வரும் வேலந்தாவளத்துக்காரி கூடையை இறக்கிய கையோடு, "எங்கூரு டீச்சரம்மா தவறிட்டாங்க. காய்ச்சல்தானுங்க. கத்திரிக்கா எவ்வளவு போடட்டுங்க?" என்றாள். அவளாகவே நிறுத்துப் போட்டாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தது அவங்கதானுங்க. வாயடிக்கறதும் அவங்க சொல்லிக் குடுத்ததுதான்" என்று சிரித்தாள். எஸ்தரை அறிந்த நாம் எல்லோருமே இந்த வாரம் இப்படித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

எஸ்தர் என்னைவிட ஒரு வயது இளையவர். கோயம்புத்தூரில் ஆசிரியப் பயிற்சி முடித்து, எல்லையோரத்து வேலந்தாவளம் பெண் பள்ளிக்கு வந்து, கடைசிவரை அங்கேயே இருந்தார். குரல் சந்தைவரை கேட்கும். பாட்டு வராது, ஆனால் பாடுவார். கணக்கும் வராது, அதை மறைக்கவும் மாட்டார். "கழித்தல் எனக்கு ஆகாதுங்க அம்மணி. இருக்கறதை எடுக்கறதுல என்ன சந்தோசம்?" என்பார். அடக்கமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "இந்தச் சுத்து வட்டாரத்துல என்னை மாதிரிக் கதை சொல்ல ஆளில்லீங்க" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். நான் பார்த்த பள்ளிகளை வைத்துச் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அதை நானும் சொல்லியிருந்தால் பள்ளிக்கூடத்தின் கூரை தாங்கியிருக்காது.

நான் முதல் தடவை அங்கே போனபோது பாலில் தண்ணீர் கலந்து பிடிபட்ட ஒரு பால்காரனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிடிபட்டவன் தெருவில் நடந்து போவதை அவர் நடந்தே காட்டினார். பிறகு, "அவனுக்கு மனசு எப்படி இருந்திருக்கும் கண்ணுகளா?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் எழுந்து நின்று ஒரே ராகத்தில், "கலப்படம் செய்யக் கூடாது" என்றது. எஸ்தர் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். மறுபடியும் கலப்படம் செய்யக் கூடாது.

வெளியே வந்ததும், "இவர்கள் மனசில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பார்வையிட வந்தவளுக்கு எது பிடிக்கும் என்பது மட்டும் இவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது" என்றேன்.

"நாலு பேருக்கு முன்னால யாருங்க அம்மணி மனசுல இருக்கறதைச் சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா?"

நான் வருகைப் பதிவைக் கேட்டேன்.

வேலந்தாவளத்து மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு அடுத்ததை விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே மாட்டின் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் தோளிலிருக்கும் துண்டை எடுத்து இருவர் கைகள்மேலும் போடுவார். துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. விலை ஒத்துவராவிட்டால் கையை உதறுவார்கள், மறுபடி பிடிப்பார்கள். முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டக் கூடாது.

அடுத்த வருஷம் நான் போனபோது எஸ்தரின் மேசைமேல் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. கதை முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எஸ்தர் துண்டைத் தன் கைமேலும் அவள் கைமேலும் போட்டார். குழந்தை உள்ளே அவர் விரல் ஒன்றைப் பிடித்தது. கட்டைவிரல் வெட்கம், ஆள்காட்டி விரல் கோபம், நடுவிரல் துக்கம், மோதிர விரல் சந்தோஷம், சுண்டுவிரல் பயம். எல்லோரும் வந்து போன பிறகு, பெயர் சொல்லாமல், "இன்னைக்கு நெறையப் பேருக்குப் பயம். கோவம் கொஞ்சந்தான்" என்று அறிவித்தார். கலப்படம் செய்யக் கூடாது என்று ஒருத்தியும் சொல்லவில்லை. உள்ளங்கையைக் கிள்ளினால் பசி என்று குழந்தைகளாகவே ஒன்றைச் சேர்த்திருந்தார்கள்.

தரகர் குப்பண்ணனின் மகள் செல்லாயி வந்தபோது மட்டும் துண்டு வெகுநேரம் அசைந்தது. எஸ்தர் கையை உதறினார். அவள் மறுபடி பிடித்தாள். மறுபடி உதறினார். கடைசியில் எஸ்தர், "செரி கண்ணு, உம்பட வெலைக்கே முடிச்சுக்கறேன்" என்றார். என்ன நடந்தது என்று பிறகு கேட்டேன். "அவ்வளவு துக்கம் அந்தக் கதையில இல்லீங்க அம்மணி. எறக்கிப் பாத்தேன், எறங்க மாட்டேன்னுட்டா" என்றார்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் திருப்தி இல்லை. அதை அப்போதே சொன்னேன். மனசில் இருப்பவை ஐந்துதானா? ஐந்து விரலைக் காட்டிப் பழக்கினால் குழந்தை ஆறாவதை விட்டுவிட்டு இந்த ஐந்தில் ஒன்றை உணரக் கற்றுக்கொள்ளும். இது கண்டுபிடிப்பதா, அச்சில் வார்ப்பதா? எஸ்தர் யோசித்துவிட்டு, "அச்சுல வாத்தாத்தானுங்க வெல்லம். இல்லீன்னா அது வெறும் பாகு" என்றார். அது பதில் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று நான் சிரித்துவிட்டேன். சிரித்தவளுக்கு வாதத்தில் தோல்விதான்.

இன்னொரு தடவை ஒரு தாய் சாகிற கதையைச் சொன்னார். எல்லோரும் துக்கத்தைப் பிடித்தார்கள். ஒரு பெண் மட்டும் சந்தோஷத்தைப் பிடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு நிஜமாகவே தாய் இல்லை. எஸ்தர் எனக்கு இதை வகுப்பு கலைந்த பிறகு, யார் என்று சொல்லாமல்தான் சொன்னார். சில நாள் கழித்து அந்தப் பெண் தானாக வந்து, "கதையில அந்தம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்புட்டாங்க இல்லீங்களா, அது நல்லா இருந்துச்சுங்க டீச்சர்" என்றாளாம். "துக்கம் என்று திருத்தியிருக்க வேண்டாமா?" என்று கேட்டேன். "ஏனுங்க அம்மணி, சரி தப்புப் போட அதென்ன கணக்கா?" என்றார்.

இப்படி இருக்கையில்தான் மானேஜரிடமிருந்து எங்கள் கல்வி இலாகாவுக்குப் புகார் வந்தது. மானேஜர் என்றால் அந்தப் பள்ளியை நடத்திய நிலக்காரர். ஊரார் அவரைப் பண்ணாடி என்பார்கள். சந்தைத் தரகர்கள் திரண்டு போய் அவரிடம் முறையிட்டிருந்தார்கள். பெண்கள் துண்டுக்கடியில் கைபிடிப்பதை யாரோ ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, தரகுத் தொழிலின் ரகசியத்தை டீச்சர் சொல்லிக் கொடுக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். வேலையை விட்டு நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. வேலை போனால் எஸ்தருக்கு வீடும் போகும். பள்ளிக்குப் பின்னால் மானேஜரின் ஓட்டுவீட்டில்தான் அவர் நடமாட்டமில்லாத தாயாரோடு இருந்தார். விசாரிக்க நான் போனேன்.

மானேஜரும் குப்பண்ணனும் வகுப்பறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க இன்ஸ்பெக்டரம்மா, இவங்க தொழிலுக்கு ரகசியந்தானுங்க மொதலு. அதையப் பொட்டப்புள்ளைக கையில குடுத்தா எப்படிங்க?" என்றார் மானேஜர்.

"எம்புள்ள சோறு திங்கறப்ப எங்கையப் புடிச்சுப் பாக்கறாளுங்க," என்றார் குப்பண்ணன். "என்ன கண்ணுன்னா, 'அப்பாவுக்கு இன்னைக்கு எந்த வெரலு'ங்கறா. நாஞ் சந்தையில பேசறது ஊட்ல தெரிஞ்சா நான் எப்படிங்க பொழைக்கறது?"

"வெலை பேசச் சொல்லிக் குடுத்தேன்னு யாருங்க சொன்னது? எனக்குக் கழித்தலே வராதுங்க!" என்றார் எஸ்தர். பெண்கள் சிரித்தார்கள். மானேஜர் சிரிக்கவில்லை.

"வகுப்பை நடத்துங்கள். நாங்கள் பார்க்கிறோம்" என்றேன்.

எஸ்தர் ஒரு எருமையின் கதையைச் சொன்னார். எல்லைக்கு அப்பால் விற்றுவிட்ட எருமை. அதன் கன்று இந்தப் பக்கம் தங்கிவிடுகிறது. சுங்கச் சாவடிவரை வந்த எருமை, பாதையின் குறுக்குக் கட்டையைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. தரகர் இழுக்கிறார், அடிக்கிறார். வண்டிகள் இருபுறமும் தேங்குகின்றன. எஸ்தரின் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான். எருமை நின்ற இடத்திலேயே கதையையும் நிறுத்திவிட்டார்.

"அப்பறம்?" என்றார் மானேஜர்.

"அப்பறம் அவ்வளவுதானுங்க."

"இதுல நீதி எங்கீங்க? கதைன்னா கடைசியில ஒரு நீதி வரோணுமில்ல?"

"எருமை எதுக்குங்க நிக்கப் போகுது?" என்று குப்பண்ணன் குறுக்கே விழுந்தார். "கன்னை முன்னால ஓட்டீட்டுப் போனாத் தானா வந்துட்டுப் போகுது! அந்தத் தரகனுக்குத் தொழிலே தெரியலீங்க!"

பெண்கள் ஒவ்வொருவராக வந்து விரல் பிடித்துவிட்டுப் போனார்கள். எஸ்தர் அறிவித்தார்: "பாதிப் பேருக்குத் துக்கம். ஒருத்திக்குப் பசி. மிச்சப் பேருக்குக் கோவம். எருமை மேல இல்லீங்க, தரகர் மேல." வகுப்பு முழுவதும் திரும்பிக் குப்பண்ணனைப் பார்த்தது.

"இது எங்க தொழிலா இல்லையான்னு நாந்தானுங்க சொல்லோணும். எங்கையப் புடிங்க பாக்கலாம்" என்று அவர் கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் எஸ்தர் ஒரு பெண்பிள்ளை என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. செல்லாயி எழுந்து வந்து துண்டை எடுத்துத் தன் கைமேலும் அப்பா கைமேலும் போட்டாள்.

சந்தையில் பெரிய ஜோடி மாட்டுக்குக்கூட அவ்வளவு நேரம் ஆகாது. குப்பண்ணன் ஒருமுறை உதறினார். அவள் மறுபடி பிடித்தாள். பிறகு அவர் உதறவில்லை.

"என்ன குப்பண்ணா, வெலையா?" என்றார் மானேஜர்.

"வெலை இல்லீங்க."

"பின்னே என்ன?"

"நகத்தை வெட்டவே மாட்டீங்கறாளுங்க" என்று சொல்லிவிட்டுக் குப்பண்ணன் துண்டை மடித்து மேசைமேல் வைத்து வெளியே போனார். மானேஜர், "யோசிச்சு நாளைக்குச் சொல்லி அனுப்பறேன்" என்று எழுந்தார். அவள் எந்த விரலைப் பிடித்தாள் என்று அப்பாவும் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை. எஸ்தரும் கேட்கவில்லை, நான் கேட்கச் சொன்னதற்கு என்னைக் கோபித்துக்கொண்டார்.

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இந்த வாரம் எண்ணிப் பார்த்தேன். ஒரு பழக்கம் இருக்கிறது. கதை முடிந்த உடனே யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கொஞ்ச நேரம் வகுப்பை அப்படியே விட்டுவிட வேண்டும். பயிற்சிக்கு வரும் ஆசிரியைகளிடம் இதை என் சொந்தக் கருத்துபோலச் சொல்லிவருகிறேன். எஸ்தருக்கு அது தெரியும், பெருமையும் உண்டு. அப்புறம் என் சந்தேகம். அதை அவர் கடைசிவரை தீர்க்கவில்லை. "நீங்களும் நம்பீட்டா நான் ஆருகிட்டீங்க அம்மணி சண்டை போடறது? பத்திரமா வெச்சுக்குங்க" என்பார். வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திவிட்டு முடிக்கிறேன். விசாரணைக்கு மறுநாள் குப்பண்ணன் அழுதுகொண்டே வந்து டீச்சர் காலில் விழுந்தார் என்று இரங்கல் கூட்டத்தில் இருவர் பேசினார்கள். இந்தக் கதையை வளர்த்ததில் எஸ்தருக்கும் பங்கு உண்டு. நான் அங்கே இருந்தேன். மறுநாள் நடந்தது இதுதான்.

காலையில் எஸ்தர் பாதி கட்டிய பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு வகுப்புக்கு வந்து, ஒன்றும் சொல்லித் தராமல் நின்றிருந்தார். குப்பண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார்.

"பண்ணாடி சொல்லி அனுப்புனாருங்க. டீச்சர் இருக்கட்டுமாம். ஆனா கட்டைவெரலை மட்டும் உட்டரோணும். அது எங்க தொழில்ல இருக்குது. எதுக்குன்னு கேக்கப்படாது."

எஸ்தர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சந்தைவரை கேட்கச் சிரித்தார்.

"கேட்டீங்களா கண்ணுகளா? கட்டைவெரலு போச்சு. வெக்கத்துக்கு இடமில்லை. என்ன பண்ணலாம்?"

"வெக்கத்தை உட்டரலாமுங்க டீச்சர். அது எதுக்கு?" என்றாள் ஒருத்தி.

"அதெப்படி? எங்கக்கா கண்ணாலத்துக்கு வேணுமில்ல?" என்றாள் இன்னொருத்தி.

செல்லாயி எழுந்தாள். "பயத்தையும் கோவத்தோட ஆள்காட்டி வெரல்லயே போட்டுட்டா, சுண்டுவெரலு மிச்சமாகுங்க. வெக்கம் அங்க இருந்துக்கட்டும்."

"பயமும் கோவமும் ஒண்ணா கண்ணு?"

"எங்கப்பாவுக்கு ஒண்ணுதானுங்க டீச்சர். பயம் வந்தாத்தான் கத்துவாரு."

குப்பண்ணன் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி, "ஏ புள்ள, ஊட்டுக்கு வா, வெச்சுக்கறேன்!" என்று கத்தினார்.

வகுப்பு முழுவதும் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டியது.

அவரும் சிரித்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் நின்ற இடத்திலிருந்து அவர் முதுகுதான் தெரிந்தது.