இருபத்துமூன்று டொலர் எண்பது சதம்

நான் பங்குச்சந்தையில் இறங்கப்போகிறேன் என்று சொன்னதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “உனக்கென்ன விசரே?” அவர் அப்போது நான்கு வருடமாகப் பங்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடிக்காத பைத்தியம் எனக்கு மட்டும் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டேன்.

பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் வில்லரே பகுதியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் எனக்குச் சமையல் வேலை. இரண்டு மணிக்கு முடிந்தால் நேரே நூலகம். அங்கேதான் பங்கு விலைகளைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு புத்தகம் கிடைத்தது. ஏறிய பங்கு, ஏறிய தூரத்தில் ஒரு பகுதி திரும்பி இறங்கும். அப்படி இறங்கும்போது நூற்றுக்கு முப்பத்தெட்டு, ஐம்பது, அறுபத்திரண்டு என்ற அளவுகளில் தயங்கி நிற்கக்கூடும் என்றது. மகளின் கணிதக் கொப்பியில் அடிமட்டம் வைத்து, பழைய விலைகளைக் கீறிப் பார்த்தேன். பாதிக்குப் பாதி தவறியது. ஆனால் விலை கோட்டைத் தாண்டி இறங்கிய உடனே, தவறிவிட்டது என்று தெரிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடித்தது.

பங்கு வாங்கி விற்கும் கணக்குத் திறக்கப் போனபோது வங்கி அலுவலர் பணிவாகவே கேட்டார்: “மதாம், உங்கள் கணவரும் வருகிறாரா?”

“இல்லை. அவர் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் வேலையில் நிற்கிறார். கணக்கு எனக்கு,” என்றேன் என் அரைகுறைப் பிரெஞ்சில்.

இன்னொரு நாள் இருவரும் சேர்ந்து வரலாமே என்றார். நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் படிவம் வந்தது.

2008இல் அண்ணன் ஒரு சுரங்கக் கம்பனியின் பங்கை, நண்பர் சொன்னார் என்று இருபத்தொன்பது டொலருக்கு வாங்கினார். இருபதிலிருந்து முப்பது வரை ஏறிய பங்கு அது. அது இறங்கத் தொடங்கியதும் நான் கோடு கீறினேன். அறுபத்திரண்டு சதவீதக் கோடு இருபத்துமூன்று டொலர் எண்பது சதத்தில் அமைந்தது. விலை அங்கே வந்ததும் ஐம்பது பங்குகள் வாங்கினேன். இருபத்துமூன்றுக்குக் கீழே போனால் விற்பது என்று வாங்க முன்பே எழுதி வைத்திருந்தேன்.

இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் இருபத்துமூன்றுக்குக் கீழே விழுந்தது. எழுதி வைத்தபடி விற்றேன்.

அந்த ஞாயிறு அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு.

“கோடும் உன்னைக் கைவிட்டிட்டுது, பாத்தியே? கணக்கை மூடிப்போட்டு இரு. பொம்பிளையளுக்கு இது சரிவராது,” என்றார் அண்ணன். என் கணவர் சோற்றுக்குக் குழம்பு விட்டுக்கொண்டார்.

“கைவிடேல்லை அண்ணை. எங்கை வெளியிலை வரவேணும் எண்டு சொன்னது, வந்திட்டன். நீங்கள் எங்கை வருவியள்?”

“நான் ஏன் வரவேணும்? அது ஏறும்.”

“எப்ப?”

“பேந்து, கொஞ்ச நாள் போக ஏறும்.”

பனி கொட்டத் தொடங்கியபோது அந்தப் பங்கு ஒன்பது டொலரில் கிடந்தது. அண்ணன் இன்னும் அதை வைத்திருந்தார்.

நான் கணக்கை மூடவில்லை. இன்னும் பலமுறை தோற்றேன், சிறிது சிறிதாக. வென்றபோது கொஞ்சம் கூடவே வென்றேன். பணக்காரியாகவில்லை. அடுத்த வருடம் அதே பங்கு ஒன்பதிலிருந்து பதினைந்துக்கு ஏறி, பாதித் தூரம் இறங்கியபோது பன்னிரண்டுக்கு வாங்கிப் பதினாறுக்கு விற்றேன். கணவர்தான் அண்ணனிடம் சொல்லியிருக்கவேண்டும்.

ஒருநாள் அண்ணன் வந்து எங்கள் குசினியில் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“சும்மா ஒரு பேர் சொல்லன். எதை வாங்க?”

“பேர் சொல்லமாட்டன். கோடு கீறக் காட்டுறன். முதல் எங்கை விப்பியள் எண்டு எழுதுங்கோ.”

“உனக்கு வாய் கூடிப்போச்சு,” என்று எழுந்து ஜக்கெற்றை மாட்டினார். நான் மறிக்கவில்லை.

அவர் போனபின் கணவர் மெதுவாகக் கேட்டார்: “ஒரு பேரைச் சொல்லியிருக்கலாமே?”

“நாளைக்கு அது விழுந்தால், வித்துப்போடுங்கோ எண்டு ஆர் அவருக்குச் சொல்லுறது?”

அவர் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவப் போனார்.