பென்சிலால் ஒரு புள்ளடி

வகுப்புக்குப் போகிறாயா, வீட்டிலிருந்து ஒன்லைனில் படிக்கிறாயா என்று கேட்கத்தான் கேட்டார்கள். நான் சொன்ன பதிலைத்தான் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு நடந்த கதை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அப்போது நான் அவுஸ்திரேலியாவில், டண்டினொங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பதினாலு வருஷம். இயந்திரங்கள் போடும் இரைச்சலில் காதுக்குள் அடைப்பானைச் செருகிக்கொண்டு நிற்க வேண்டும். எங்களுக்குள் பேச்செல்லாம் கையாலும் கண்ணாலும்தான். அதனால் என்ன நடந்தது என்றால், இங்கிலிஷை வாசித்தால் எனக்கு நன்றாக விளங்கும், ரேடியோவில் கேட்டாலும் விளங்கும். வாயைத் திறந்தால் மட்டும் ஒரு சொல் வராது. கடையில் மாறிக் கொடுத்த சாமானைத் திருப்பிக் கொடுக்கக்கூட என் கணவர்தான் வர வேண்டும்.

ஆனால் எனக்கு வீடு பார்க்கத் தெரியும். புதிதாக வந்து இறங்கிய எங்கள் சனம் வாடகை வீடு பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் அலுமாரிக்குள் தலையை விட்டு ஈர மணம் பிடிப்பேன். குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குனிந்து குழாயின் அடியைப் பார்ப்பேன். அந்த வீடுகளைக் காட்ட வருகிற ஏஜென்ட் ஒரு வெள்ளைக்காரப் பெண், ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருந்தவர். மூன்று நாலு தடவை என்னைக் கவனித்துவிட்டு ஒருநாள் அவரே கேட்டார். ரியல் எஸ்டேட் கோர்ஸ் ஒன்று இருக்கிறது, அதை முடித்துச் சான்றிதழ்ப் பத்திரத்தோடு வந்தால் வாடகை வீடுகளைக் காட்டும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் வீட்டுக்காரரோடும் குடியிருக்கிறவர்களோடும் போனில் பேச வேண்டியிருக்கும், அதற்குத் தயார்ப்படுத்திக்கொண்டு வா என்றும் சொன்னார். ஓகஸ்ட் முடியும்வரை அந்த இடத்தை எனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு வந்த புழுகத்தை, அந்தச் சந்தோஷத்தை, சொல்லி முடியாது. பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

விசாரித்துப் பார்த்ததில் கிளேட்டனில் ஒரு வகுப்பு இருந்தது. செவ்வாயும் வியாழனும் பின்னேரம், எட்டுக் கிழமை. அங்கே ஒருவர் குடியிருப்பவராகவும் இன்னொருவர் ஏஜென்டாகவும் எல்லோருக்கும் முன்னால் நின்று பேசிப் பழக வேண்டுமாம். எனக்கு வராததே அதுதான். அதனால்தான் அந்த வகுப்பு எனக்கு வேண்டும் என்று முடிவெடுத்தேன். பாடத்தை நான் எப்படியும் வாசித்து விளங்கிக்கொள்வேன். எனக்கு வேண்டியிருந்தது வாய்.

இதை என் கணவரிடம் சொன்னேன். ஒருதடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சுகமான வழி இருக்கும், அந்த வழி எப்போதும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது. குளிருக்குள் பஸ் ஏறி ஏன் அந்தரப்பட வேண்டும், வீட்டிலிருந்தே ஒன்லைனில் படிக்கலாமே என்றார். பிள்ளைகளின் சாப்பாடு என்ன ஆகும் என்றார். அவருடைய அக்கா போன் எடுத்து, வகுப்பில் சின்னப் பெடியங்களுக்கு நடுவில் போய் இருக்கப் போகிறாயா, உனக்குத்தான் கூச்சமாச்சே என்று இரக்கப்பட்டார். என்னுடைய கூச்சத்தில் இவர்களுக்கெல்லாம் எவ்வளவு அக்கறை! கூச்சம் போகத்தானே வகுப்புக்குப் போக வேண்டும் என்கிறேன்?

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால், என் கணவர் கொம்பியூட்டருக்கு முன்னால் ஒரு கதிரை போட்டு அதன்மேல் மெத்தை வைத்திருந்தார். என்னை ஒன்லைன் கோர்ஸில் சேர்த்துவிட்டாராம். என்னைத் திகைக்க வைக்கத்தான் சொல்லாமல் செய்தாராம். திகைத்துத்தான் போனேன்.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கு வந்த நாளிலிருந்து எந்தப் படிவமானாலும் அவர்தான் நிரப்புவார். விசா, வரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வைத்தியம், எல்லாம். நிரப்பி முடித்ததும் நான் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி, போட்டு வைப்பார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, புள்ளடிக்குப் பக்கத்தில் பெயரை எழுதிவிட்டுத் திரும்பவும் குசினிக்குள் போவேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் வாசித்ததில்லை. அவர் அழிறப்பரால் புள்ளடியை அழித்துவிடுவார். இப்படியே பதினெட்டு வருஷம் ஓடியது.

அந்த ஒன்லைன் கோர்ஸும் இன்னொரு படிவமாகத்தான் போனது. முதல் பாடத்தை நான் அகராதியும் கையுமாக இருந்து வாசித்தேன். அவர் பின்னால் நின்றுகொண்டு, இது லேசு, இதுக்குப் போய் இவ்வளவு நேரமா என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். பிறகு மவுஸை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார். இரண்டாவது பாடத்தின் பாதியில் சோறு பொங்குகிற சத்தம் கேட்டு எழும்பிப் போனேன், வந்து பார்த்தால் பரீட்சையே முடிந்திருந்தது. மூன்றாவதிலிருந்து நான் வேலையால் வரும்போதே புள்ளிகள் தயாராக இருக்கும். நூற்றுக்கு நூறு. அதை அச்சடித்துக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி வைப்பார். விட்டுக்கொடுத்தவள் நான். அந்தக் குற்றத்தை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

எல்லாப் பாடமும் முடிந்ததும், பத்திரம் வரமுன்னமே, அந்தப் புள்ளித் தாள்களை எடுத்துக்கொண்டு ஏஜென்டிடம் போகச் சொன்னார் என் கணவர். நானும் வெட்கமில்லாமல் போனேன். ஏஜென்ட் தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு, சும்மா ஒரு விளையாட்டு என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். என் முன்னால் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்தேன். அவர்தான், குடியிருப்பவர் மாதிரி பேசினார். வீட்டில் சுடுதண்ணீர் வரவில்லை, கைக்குழந்தை இருக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்.

சுடுதண்ணீர் இல்லாத வீட்டில் கைக்குழந்தையோடு நான் இருந்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் ஒரு சொல் வரவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடி, என் முன்னால் கிடந்த நூற்றுக்கு நூறைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு தடவை ஹலோ என்றார். பிறகு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்தபோது மேசையில் ஒரு தாள் இருந்தது. கோர்ஸ்காரர் அனுப்பிய கடைசிப் படிவம், இதை அனுப்பினால் பத்திரம் வந்துவிடும். கீழே பென்சில் புள்ளடி. வாழ்க்கையில் முதல்தடவையாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தேன். எல்லாப் பாடங்களையும் நானே படித்தேன், எல்லா விடைகளையும் நானே எழுதினேன், வேறொருவரின் உதவியும் பெறவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

என் கணவர் பேனையை நீட்டினார்.

"நீங்கள்தானே படிச்சனீங்கள். நீங்களே வையுங்கோ" என்றேன்.

"விசர்க்கதை கதையாதையும். உமக்கு உதவியாத்தானே செய்தனான்."

"உதவியோ? இண்டைக்கு அந்த மனுசி போனில கேட்ட கேள்விக்கு வாயில கொழுக்கட்டையை வைச்ச மாதிரி இருந்தனான். நான் மூண்டு தரம் சொன்னனான், எனக்கு வகுப்பு வேணுமெண்டு. உங்கட காதில ஏறினதோ?"

அவர் முகம் சுருங்கிப்போனது. நூற்றுக்கு நூறு எடுத்துத் தந்ததற்கு இதுதானா நன்றி என்று கேட்டார். எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைக் கிழித்து எறிந்திருப்பேன். கிழிக்கவில்லை. அவர் முன்னாலேயே அழிறப்பரை எடுத்துப் புள்ளடியை அழித்துவிட்டு, வெறும் கோட்டோடு அதை அவருடைய பக்கமாகத் தள்ளிவைத்தேன். அது பல மாதம் அந்த மேசையிலேயே கிடந்தது.

கிளேட்டன் வகுப்பில் அடுத்த பிரிவு செப்டெம்பரில்தான் தொடங்கியது. ஏஜென்ட் சொன்ன தவணை அதற்குள் முடிந்துபோனது, அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார். அந்த அலுவலகத்துக்கு முன்னால் பஸ் போகும்போதெல்லாம் நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன். வீட்டில் என் கணவர் மூன்று கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்தேன். செவ்வாய்க்கிழமைக் கறியைத் திங்கட்கிழமையே காய்ச்சி வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

முதல் நாள் ஆளுக்கொரு படிவம் தந்தார்கள். பெயர், விலாசம், பிறந்த திகதி, எல்லாவற்றையும் என் கையால் மெதுவாக நிரப்பிக்கொண்டு வந்தேன். கையெழுத்துக் கோட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஏன் நிற்கிறது என்று எனக்கே விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, நான் அந்தக் கோட்டில் புள்ளடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தாறு வயதில்! அவர்மேல் இருந்த கோபம் முழுக்க அப்படியே என் பக்கம் திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு பேனையை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துபோனது. பக்கத்தில் இருந்த பெடியன் நிமிர்ந்து பார்த்தான். பின்னால் வேறு பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

நான் எழும்பி, முன்னால் நின்ற ஆசிரியரிடம் போனேன். என்னுடைய தாள் கிழிந்துவிட்டது, மன்னிக்க வேண்டும், எனக்கு இன்னொன்று தருவீர்களா என்று கேட்டேன். இங்கிலிஷில், எல்லோருக்கும் கேட்கும்படி, நானே கேட்டேன்.