உட்புறம் திருப்பிய ஏழாம் நம்பர்

போன மாதம் ஜெர்சி விற்கும் ஒரு கம்பெனிக்காரர் சென்னையில் இருக்கும் என் டிசைன் அலுவலகத்துக்கு வந்தார். கால்பந்து ரசிகர்கள் அந்தக் காலத்தில் சேர்த்துவைத்த பொருள்களைப் பார்த்து, அதிலிருந்து புது டி-சர்ட்டுகள் வரைந்து தர வேண்டுமாம். என்னிடம் இருந்த பழைய படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒன்றில் நின்றுவிட்டார். காய்ந்த ஏரிக்குள் வரிசையாக நிற்கும் பதினைந்து பேர். எல்லோருக்கும் ஒரே பழுப்புச் சட்டை. நம்பர் இல்லை, சின்னம் இல்லை, தையல் மடிப்புகள் எல்லாம் வெளியே தெரிகின்றன. "என்ன துணிச்சலான டிசைன் மேடம்! அந்தக் காலத்திலேயே எவ்வளவு எளிமை! தையலைக்கூட வெளியே காட்டியிருக்கிறார்கள். இதை அப்படியே செய்யலாமே" என்றார்.

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. அது எளிமையும் இல்லை, துணிச்சலும் இல்லை. என் அண்ணன் வயிற்றில் அடித்த சட்டை அது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. வேறு படம் பாருங்கள் என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். சொல்லாமல் விட்டது இன்னும் நெஞ்சில் கிடந்து குமைகிறது. அதனால் இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியை ஒட்டிய காலனியில். அண்ணன் மண்டியில் மூட்டை இறக்கினான். கல்வராயன் மலையிலிருந்து லாரியில் வரும் கடுக்காயும் புளியும் அவன் தோள் வழியாகத்தான் குடோனுக்குள் போகும். சாயந்திரமானால் ஏரிக்குப் பந்தோடு ஓடிவிடுவான். அவனுக்குக் கால்பந்துப் பைத்தியம். ஊரில் டிவி இருந்த வீடுகளின் வாசலில்கூட எங்களை நிற்கவிட மாட்டார்கள் என்பதால், உலகக் கோப்பை எங்களுக்கு வந்து சேர்ந்தது பொட்டலக் காகிதத்தில்தான். மளிகைக் கடையில் துவரம்பருப்பு கட்டிக்கொடுத்த செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கம் இருந்தால் அம்மாவுக்கு முன்னால் நான் அதைப் பிரித்துவிடுவேன். சுடுதண்ணீர் டம்ளரால் தேய்த்துச் சுருக்கம் எடுத்து, அண்ணனின் டிரங்குப் பெட்டி மூடிக்குள் கஞ்சிப் பசை வைத்து ஒட்டுவேன்.

அந்தப் படங்களில் ஏது நிறம்? எல்லாம் கறுப்பு வெள்ளை, அதுவும் பருப்புத் தூசு படிந்த கறுப்பு வெள்ளை. எந்த நாடு நீலம், எந்த நாடு மஞ்சள் என்று எங்களுக்குத் தெரியாது. முகமும் பாதி நேரம் மசியில் கரைந்துபோயிருக்கும். தெளிவாகத் தெரிவது முதுகில் இருக்கும் நம்பர் மட்டும்தான். ஒரு படத்தில் ஒருவன் முதுகைக் காட்டியபடி இடது காலைத் தூக்கி நிற்கிறான், முதுகில் ஏழு. படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைக் கடைக்காரர் கிழித்துவிட்டார். அவன் யார், எந்த நாடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் அண்ணன் அவனுடைய ரசிகன். அண்ணனுக்காக அந்த ஏழாம் நம்பரை நான் பார்த்துப் பார்த்து வரைந்தேன். மேல்கோடு எவ்வளவு தடிமன், கீழே இறங்கும்போது எங்கே வளைகிறது, தூரத்திலிருந்து படிக்க எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் என் கைக்கு வந்தது. பிறகு கல்லூரியில் இதையே தடிதடிப் புத்தகம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போன வருடம் ஊர்க்காரர்களின் சாதிச் சங்கம் தனி ஒதுக்கீடு கேட்டு மறியல் நடத்தியது. சேலம் ரோட்டுப் புளிய மரங்கள் எல்லாம் வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்க்கப்பட்டன. ஒதுக்கீடு கேட்டதைத் தப்பென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டவர்களிலும் எங்களைப் போல் கூலிக்குப் போகிறவர்கள்தான் ஜாஸ்தி. ஆனால் மரத்தை வெட்டின அதே கத்தி காலனிப் பக்கமும் திரும்பியதை எப்படி மறப்பது? பக்கத்து ஊரில் எங்கள் அத்தை வீட்டுக் கூரை எரிந்தது. அவள் எந்த ஒதுக்கீட்டைத் தடுத்தாள்? அதற்குப் பிறகு ஊரும் காலனியும் முகம் பார்ப்பதில்லை.

இதைச் சரிசெய்ய தாசில்தாருக்கு ஒரு யோசனை வந்தது. சித்திரையில் ஏரி காய்ந்ததும் சமாதானக் கால்பந்துப் போட்டி. ஊர்ப் பையன்களும் காலனிப் பையன்களும் கலந்து ஒரே அணியாக நின்று சின்னசேலத்தோடு ஆட வேண்டும். ரைஸ்மில் முதலாளி கமிட்டித் தலைவர். அவருடைய மருமகனும், அதாவது அக்கா மகனும், அணியில் இருந்தான். அண்ணனுக்குச் சமாதானத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதில் இருந்தது. கடலூர்ப் பக்கம் ஒரு ஆலை, நன்றாக ஆடுகிறவர்களைத் தன் அணிக்கு எடுத்து வேலையும் கொடுக்கும். அந்த ஆலையின் கோச் இந்தப் போட்டியைப் பார்க்க வருகிறார், ஒரே ஒரு ஆளை எடுக்கப்போகிறார் என்று பேச்சு. போட்டிக்கு முந்தின பத்து நாளும் அண்ணன் தூங்கினானா என்பதே சந்தேகம். "இது மட்டும் கெடச்சிட்டா மூட்ட தூக்கறது இத்தோட முடிஞ்சிது" என்பான்.

சட்டைக்கு என்ன நிறம் என்று சமாதானக் கூட்டத்தில் ஒரு பொழுது முழுக்கப் பேசினார்கள். மஞ்சள் என்றால் சங்கத்துக் கலர். நீலம் என்றால் காலனிக் கலர். சிவப்பும் கறுப்பும் கட்சி. பச்சை இன்னொரு கட்சி. காவியை யாரும் வாயிலேயே எடுக்கவில்லை. வெள்ளை வைத்துக்கொள்ளலாமே என்றதற்கு, "இன்னா, சாவுக்குப் போறோமா?" என்று ஒருவர் எழுந்தார். கடைசியில் பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு வாங்கி மீந்துபோன பழுப்பு டிரில் துணி ஒரு தையல்காரரிடம் இருந்தது. அது யாருடைய கலரும் இல்லை. சித்திரை வெயிலில், ஏரிப் புழுதியில், அந்தத் தடித்த பழுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவனுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அண்ணன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அதனால்தான் நம்பரையாவது பெரிதாகப் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அப்பாவின் கால் உடைந்தபோது எடுத்த எக்ஸ்ரே படங்களில் நம்பர்களை வெட்டி அச்சு தயாரித்தேன். வெள்ளை எனாமல் பெயிண்ட்டைத் தொட்டுத் தொட்டு ஒற்றி, பதினைந்து சட்டைக்கும் போட்டு, ரைஸ்மில் நெல் களத்தில் வரிசையாகக் காயவைத்தேன். கண் கூசும் வெயிலில் அந்த நம்பர்கள் ரோட்டிலிருந்தே படிக்கத் தெரிந்தன. எனக்கு அவ்வளவு பெருமை.

முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பரிலிருந்து நடந்து வந்தார்.

"ஏழு யாருது?"

"எங்கண்ணனுதுங்க."

இன்னும் கொஞ்சம் நடந்தார். "பத்து?"

"உங்க மருமவனுதுங்க."

திரும்பி ஏழாம் நம்பரைப் பார்த்தார். "அவன் ஏழு, எங்க பையன் பத்தா?"

நான் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். "முன்ன பின்னனு இல்லீங்க. எந்த எடத்துல ஆடறாங்களோ அந்த நம்பர். கால்பந்துல பத்துதாங்க பெரிய நம்பர்" என்றேன்.

பக்கத்தில் நின்ற மருமகனும் சொன்னான்: "ஆமா மாமா, பத்து வோணும்னு நான்தான் கேட்டேன்."

"நீ சும்மா இருடா. வேடிக்க பாக்க வர்றவன் இன்னாத்த கண்டான்? ஏழு முன்ன வருமா, பத்து முன்ன வருமா?"

எண்ணத் தெரிந்தவர் கேட்கிற கேள்விதான். அவர் நேராகத் தாசில்தாரிடம் போனார். நம்பரால் வீண் மனவருத்தம் வரும் என்றார். தாசில்தார் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். "எல்லாரும் சமம் என்று காட்டத்தானே போட்டி? நம்பர் எதற்கு? சட்டையை உட்புறம் வெளியே வரும்படி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றாராம். எல்லாரும் சமமாம்! ஏரிக்கரையில் ஊர்க்காரர்களுக்கும் காலனிக்காரர்களுக்கும் நடுவில் கயிறு கட்டச் சொன்னவரும் அவர்தான்.

அந்தப் பழுப்புப் படம் ஆட்டத்துக்கு முன்னால் எடுத்தது. தையல்கள் ஏன் வெளியே தெரிகின்றன என்று இப்போது புரியும்.

ஆட்டம் தொடங்கியதும் புழுதி எழுந்தது. கோச் ஷாமியானாவில், தாசில்தாருக்கும் முதலாளிக்கும் நடுவில், கையில் சோடாவோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் இரண்டு கோல் போட்டான். முதல் கோலுக்கு மூன்று பேரை ஏமாற்றிவிட்டு ஓரத்திலிருந்து அடித்தான். இரண்டாவது தலையால் முட்டியது. எங்கள் பக்கக் கரையில் இருந்த அத்தனை பேருக்கும் அது யாரென்று தெரியும், ஏனென்றால் அவன் ஓடுகிற ஓட்டம் எங்களுக்குத் தெரியும். கடலூரிலிருந்து அன்றைக்குத்தான் வந்தவருக்கு எப்படித் தெரியும்? அண்ணனும் மருமகனும் ஒரே உயரம், ஒரே ஒல்லி, தலை முதல் கால் வரை ஒரே புழுதி. பந்து வலைக்குள் போனதும் பழுப்புச் சட்டைகள் எல்லாம் ஒன்றாக விழுந்து கட்டிக்கொண்டன.

ஆட்டம் முடிந்ததும் நான் கயிற்றுக்குக் கீழே நுழைந்து ஷாமியானாவுக்கு ஓடினேன். நான் போகும்போதே கோச் கேட்டுக்கொண்டிருந்தார்: "அந்த ரெண்டு கோல் போட்ட பையன் எது?"

முதலாளி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்க அக்கா பையன்தான் சார்" என்று மருமகன் தோளில் கையைப் போட்டார்.

"நீதானப்பா?" என்று கோச் அவனிடமே கேட்டார். அவன் மாமாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

அண்ணன் பின்னாலிருந்து முன்னே வந்தான். "சார், ரெண்டும் நான் போட்டதுங்க."

"எங்கண்ணன்தாங்க போட்டுச்சி, கரைல யார வேணா கேளுங்க" என்று நான் கத்தினேன். ஒரு போலீஸ்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "பொம்பளப் புள்ளைக்கு இங்க இன்னா வேல?" அணியில் இருந்த மற்றப் பையன்கள், அரை மணி நேரத்துக்கு முன்னால் அண்ணனைத் தூக்கிச் சுற்றியவர்கள், ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. தாசில்தார் மட்டும் பேசினார்: "இப்ப எதுவும் பிரச்சினை பண்ணாதீங்க. இது சமாதானப் போட்டி."

அண்ணன் சட்டையைக் கழற்றினான். வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்ததை உரித்துத் திருப்பி, நான் போட்ட ஏழாம் நம்பரைக் கோச்சின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "இதாங்க என் நம்பர். ஓரத்துல ஆடறவன் போடற நம்பர்."

முதலாளி சிரித்தார். "இவன் தங்கச்சிதான் சார் பெயிண்ட் அடிக்கறது. எத்த வேணா எழுதிக்கினு வருவாங்க."

கோச் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் சட்டையை வாங்கி நன்றாகத்தான் பார்த்தார். "நம்பர் இருக்கு, சரி. கோல் போட்டவன் முதுகுல நான் எந்த நம்பரையும் பாக்கலையேப்பா" என்றார். சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரயிலைப் பிடிக்கச் சின்னசேலத்துக்கு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஆடி மாதம் மருமகனுக்கு வேலைக்கான உத்தரவு வந்தது. அவன் அங்கே நன்றாக ஆடினானா என்று நான் விசாரிக்கவில்லை. ஆடாவிட்டால் என்ன, வேலை வேலைதான்.

முப்பது வருடத்துக்கும் மேலாக நான் இதே தொழிலில் இருக்கிறேன். அடையாளமே வேண்டாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று யாராவது பெருந்தன்மையாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே சட்டைதான் கிடைத்தது. பெயர் சொல்லிக் கைகாட்ட ஷாமியானாவில் ஒரு மாமா இருந்தவனுக்கு நம்பர் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவனுடையதைத்தான் உள்ளே திருப்பினார்கள்.

அன்று சாயந்திரம் சட்டையைத் துவைத்துப் பெயிண்ட்டைச் சுரண்டிவிடுகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "இருக்கட்டும், நீ போட்டது நல்லாதான் இருக்குது" என்றான். திங்கட்கிழமை அதை, ஏழு வெளியே தெரியும்படி, நேராகப் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனான். டிரில் துணி, லேசில் கிழியாது. இரண்டு வருடம் அதைப் போட்டுக்கொண்டுதான் மூட்டை இறக்கினான். மலையிலிருந்து லாரி வந்து நின்றால், டிரைவர்கள் இறங்குவதற்கு முன்பே, "ஏழ கூப்புடு, ஏழ கூப்புடு" என்று குரல் கொடுப்பார்கள். அந்த நம்பர் அங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.